அடைப்பு: ஒரு சொல்லும் சில காயங்களும்

மரக்காணத்து உப்பளக் கரையில் ‘அடைப்பு’ என்னும் சொல் இரண்டு இடங்களில் புழங்குகிறது. ஒன்று, நீர்வழியில். கழிமுகத்தில் மணல் மேடிட்டு உவர்நீர் ஏறாமல் போனாலும், பாத்திக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலில் சேறு தங்கினாலும் அது அடைப்பு. மற்றொன்று, நெஞ்சில். புதுச்சேரி ஜிப்மருக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ, சென்னைக்கோ போய்த் திரும்பியவரைப் பற்றிய செய்தி ஊரில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: “அடைப்பு இருந்துதாம், எடுத்துட்டாங்களாம்.”

இந்த இரண்டாவது வழக்கு முதலாவதன் நிழல். நீரோடும் வழிக்குரிய சொல்லைக் குருதியோடும் வழிக்கும் ஏற்றிச் சொன்னார்கள். அது நன்றாகவே பொருந்தியதுபோலத் தோன்றியது. ஆனால் உவமைகள் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டிய பிறகும் உவமையை நம்பிக்கொண்டிருந்தால் என்ன நேரும் என்பதற்கு, இதயக் குழாய்ச் சிகிச்சையின் அறுபதாண்டு வரலாறு நல்ல சான்று. மருத்துவம் நமது துறையன்று. சொல் நமது துறை. ஒரு சொல் தரும் தவறான சித்திரத்தால் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடவும் அதனால் உயிரையே இழக்கவும் கூடும் என்றால், தமிழ் படித்தவர்களுக்கும் அதில் பேச ஏதோ இருக்கிறது.

கால்வாயின் கணக்கு

மரக்காணத்துக்கு அடைப்பைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய உவர்நீர்க் கால்வாய் சிறிது சிறிதாக இருபுறமும் நீண்டது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகச் சென்னை நகரத்தை ஒட்டிய பகுதி வெட்டப்பட்டது. அக்காலத்து ஆளுநராகிய பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்ற அந்தக் கால்வாய், காக்கிநாடாவில் தொடங்கி ஏறத்தாழ 796 கிலோமீட்டர் ஓடி மரக்காணத்துப் பக்கத்தில் முடிகிறது. உப்பும் விறகும் படகேறிச் சென்ற வழி அது. இன்று அதன் பெரும்பகுதி தூர்ந்து கிடக்கிறது.

கால்வாயில் வண்டல் எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் படிவதில்லை. நீர் விரைந்தோடும் இடத்தில் தங்காது. வளைவின் உட்புறத்தில், கிளை பிரியும் முனையின் ஓரத்தில், நீர் மந்தமாகிச் சுழலும் மூலையில் தங்கும். உப்பளத்தில் வேலை செய்யும் எவரும் அறிந்த உண்மை இது. இதையே மனிதக் குழாய்களுக்குப் பொருத்திச் சொல்ல அறிவியலுக்கு 1969 வரை ஆயிற்று. அதற்கு முன், குருதி வேகமாக உரசும் இடங்களில் சுவர் தேய்ந்து புண்ணாகி, அங்கேதான் கொழுப்புப் படிகிறது என்னும் கருத்துக்குச் செல்வாக்கு இருந்தது. லண்டனில் காலின் கேரோவும் அவருடைய தோழர்களும் இதைத் தலைகீழாக்கினர். உரசல் குறைந்த இடங்களே நோயுறுகின்றன என்றனர். குழாய் வளைவின் உட்புறம், கிளை பிரியும் இடத்தின் வெளிச்சுவர். கால்வாயின் அதே மூலைகள்.

இதுவரை உவமை பொருந்துகிறது. இனித்தான் விலகுகிறது. கால்வாயில் வண்டல் வெளியிலிருந்து வருகிறது. கரை வெறும் மண். குழாயில் கரை உயிருள்ளது. அதன் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகப் பரவியிருக்கும் செல்கள் குருதியின் உரசலை உணர்கின்றன. சீரான ஓட்டத்தில் அவை ஓட்டத்தின் திசையிலேயே நீண்டு படுத்து, குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன. ஓட்டம் மந்தமாகி முன்னும் பின்னும் அலையும்போது ஒழுங்கு கலைகிறது; சுவர் ஒட்டுந்தன்மை கொண்டு கொழுப்பையும் வெள்ளணுக்களையும் உள்ளே விடுகிறது. ஆகவே கொழுப்புப் படலம் குழாயின் உட்பரப்பில் ஒட்டிய அழுக்கன்று. சுவருக்குள்ளேயே நிகழும் ஒரு வளர்ச்சி. நோயின் பெயரும் இதைக் குறிப்பால் உணர்த்துகிறது. ‘அதிரோ’ என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்குக் கூழ் என்று பொருள். ‘ஸ்கிளிரோசிஸ்’ என்றால் இறுகுதல். கூழும் இறுக்கமும் சேர்ந்தது அந்நோய். கூழை வாரி எடுக்கலாம்; சுவரை எப்படி வாருவது?

பிளம்பரின் கனவு

1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் சார்லஸ் டாட்டர் என்ற கதிரியல் மருத்துவர், 82 வயது மூதாட்டி ஒருவரின் கால் தமனியை, ஒன்றைவிட ஒன்று பருத்த நெகிழ்குழல்களை அடுத்தடுத்துச் செலுத்தி விரித்தார். விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன, காலை எடுக்க வேண்டும் என்றார்கள், அவர் மறுத்துவிட்டிருந்தார். சிகிச்சைக்குப் பின் அவர் இறுதிவரை சொந்தக் காலில் நடந்தார். டாட்டர் தமக்கு ஒரு சின்னம் வைத்திருந்தார்: குறுக்காகக் கிடக்கும் ஒரு குழாயும் ஒரு ஸ்பேனரும். பிளம்பர் செய்வதை மருத்துவர் செய்ய முடியாதா என்பது அதன் உட்கருத்து. அடைப்பு என்னும் உவமை நம்மூருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இச்சின்னம் சாட்சி.

சூரிக் நகரில் ஆந்திரியாஸ் குருன்ட்ஸிக் தம் வீட்டுச் சமையலறை மேசையில் சிறு பலூன்களைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். 1977 செப்டம்பர் 16 அன்று அத்தகைய பலூனை 38 வயதுக்காரர் ஒருவரின் இதயத் தமனியில் செலுத்தி ஊதினார். மார்பைப் பிளக்காமல் இதயக் குழாயை விரிக்கும் முறை அன்று பிறந்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த மனிதரின் குழாய் திறந்தே இருந்தது. முதல் வெற்றி இப்படி முழுமையாக அமைந்தது ஒருவகையில் ஒரு மயக்கத்தையும் உண்டாக்கியது.

குருன்ட்ஸிக்கிடம் பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல், 1986இல் சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் இந்தியாவின் முதல் இதயத் தமனி பலூன் சிகிச்சையைச் செய்தார். கோட்டயத்துக்காரராகிய அவர் மேற்படிப்பைச் சென்னையில் முடித்தவர். 2025 ஏப்ரலில் காலமானார். குருன்ட்ஸிக் அந்த 1986ஐப் பார்க்கவில்லை. 1985 அக்டோபரில், 46 வயதில், தாமே ஓட்டிச்சென்ற சிறு விமானம் விழுந்து இறந்தார்.

இந்தச் சிகிச்சைக்கு மேலைநாட்டார் வைத்த பெயர் ஆஞ்சியோபிளாஸ்டி. கிரேக்கத்தில் ‘ஆங்கெயோன்’ என்றால் கலம். ‘பிளாஸ்ஸெய்ன்’ என்றால் மண்ணைப் பிசைந்து உருக்கொடுத்தல். இரண்டும் குயவர் சொற்கள். நேராகத் தமிழில் சொன்னால் ‘கலம் வனைதல்’. இதில் எடுத்தல், நீக்கல், வாருதல் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பலூன் எதையும் வெளியே எடுப்பதில்லை. படலத்தை நசுக்கிப் பிளக்கிறது. சுவரைக் கிழித்து விரிக்கிறது. பெயரிட்டவர்கள் சரியாகத்தான் இட்டார்கள். கேட்டவர்கள்தாம் தூர்வாருதல் என்று புரிந்துகொண்டோம்.

தகைவு

பலூன் காலத்தில் சிகிச்சை பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, சில கணக்குகளில் அதற்கும் மேலானவர்களுக்கு, ஆறு மாதத்துக்குள் குழாய் மறுபடி குறுகியது. ஏன் என்பதை அறியச் சற்று இயற்பியல் வேண்டும். நம் பாடநூல்கள் ‘ஸ்ட்ரெஸ்’ என்பதைத் தகைவு என்று பெயர்த்தன. தகைதல் என்றால் தடுத்தல். வெளிவிசைக்கு எதிராகப் பொருள் தன்னுள் எழுப்பும் தடுப்பு. நல்ல சொல்லாக்கம்.

குழாய்ச் சுவர் இரண்டு வகைத் தகைவைத் தாங்குகிறது. குருதி ஓடும் திசையில் உரசுவதால் வருவது ஒன்று. குருதியின் அழுத்தம் சுவரைச் சுற்றளவில் இழுப்பதால் வருவது மற்றொன்று. 120 மில்லிமீட்டர் பாதரசம் என்று மருத்துவர் சொல்லும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. பலூனை ஊதும் அழுத்தமோ பத்து வளிமண்டலம் அல்லது அதற்கும் மேல். அதாவது, நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை துடித்து அந்தச் சுவர் பழகிய அழுத்தத்தைப்போல் அறுபது மடங்கை, சுமார் மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாய் ஒரு நிமிடம் உள்ளிருந்து தாங்க வேண்டும். சுவர் இதை மறப்பதில்லை.

அது மூன்று விதமாக எதிர்வினை ஆற்றுகிறது. முதலில், நெகிழ்ந்த சுவர் உடனே ஓரளவு சுருங்கிக்கொள்கிறது. பின்னர், ஆறிவரும் புண் தழும்பாகி மாதக்கணக்கில் குழாயையே இறுக்குகிறது. இதற்கிடையே, நடு அடுக்கில் இருந்த தசைச் செல்கள் உள்ளே குடிபெயர்ந்து பெருகிப் புதிய தோல்போன்ற ஓர் அடுக்கை உண்டாக்குகின்றன. இவற்றில் எதுவும் பழைய கொழுப்பு திரும்பி வந்ததன்று. மூன்றும் காயம் ஆறும் முறைகள். சிகிச்சையின் வெற்றியும் தோல்வியும் ஒரே காயத்தின் இரண்டு பக்கங்கள் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

சுருக்கத்தைத் தடுக்க ஒரு சாரம் கட்டலாம் என்று தோன்றியது. 1986 மார்ச்சில் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புயெலும், அதே ஆண்டு லொசானில் உல்ரிச் சிக்வார்ட்டும் மனித இதயக் குழாயில் உலோக வலைக்குழல் பொருத்தினர். அதுவே ஸ்டென்ட். சார்லஸ் ஸ்டென்ட் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பல் மருத்துவர், பல்லின் அச்செடுக்க ஒரு பசையைச் செய்தார். பிறகு அதை ஒட்டுத்தோலைத் தாங்கிப் பிடிக்கப் பயன்படுத்தினார்கள். அவருடைய பெயரே இன்று நம் நெஞ்சுக்குள் இருக்கிறது. 1994இல் வெளிவந்த இரு பெரிய ஆய்வுகளில் மறுகுறுகல் ஒன்றில் 32 விழுக்காட்டிலிருந்து 22ஆகவும், மற்றதில் 42இலிருந்து 32ஆகவும் இறங்கியது. அதே காலத்தில் ஐதராபாத்தில், ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாமும் இதய மருத்துவர் சோமராஜுவும் சேர்ந்து குறைந்த செலவில் ஓர் ஸ்டென்டை உருவாக்கினர். ஏவுகணைக்கான உலோக அறிவு ஏழையின் குழாய்க்கு வந்த கதை அது.

எனினும் பத்துப் பேரில் இருவருக்கோ மூவருக்கோ குறுகல் நின்றபாடில்லை. சாரம் சுருக்கத்தைத் தடுத்தது. தசைச் செல்களின் பெருக்கத்தையோ கூட்டியது. கம்பி எவ்வளவு ஆழமாகச் சுவரில் புதைகிறதோ அவ்வளவு தடிமனாகப் புதிய அடுக்கு வளர்கிறது என்பதைப் பன்றிகளில் செய்த ஆய்வில் ராபர்ட் ஷ்வார்ட்ஸ் 1992இல் காட்டினார். ஸ்டென்டுக்குள்ளும் உரசல் குறைந்த மூலைகளிலேயே வளர்ச்சி அதிகம் என்பதை ராட்டர்டாம் ஆய்வாளர்கள் 2001இல் மனிதர்களிடம் கண்டனர். கால்வாயின் கணக்கு மறுபடி வந்து நின்றது.

கதிரின் ஐந்தாண்டு

தழும்பு மிகையாக வளர்வதைத் தடுக்க மருத்துவம் முன்பே ஒரு வழி கண்டிருந்தது. வெயிலிலும் காற்றிலும் வெண்ணிற உப்பின் கூச்சத்திலும் வேலை செய்பவர்களுக்குக் கண்ணின் ஓரத்தில் சதை வளர்வதுண்டு. அறுத்தெடுத்தாலும் அது திரும்ப முளைக்கும். அவ்விடத்தில் ஸ்ட்ரான்சியம்-90 என்னும் கதிரியக்கத் தனிமத்தைச் சிறிது நேரம் வைத்தெடுத்தால் மறுவளர்ச்சி குறையும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே அறிந்திருந்தனர். கண்ணில் செய்ததைக் குழாய்க்குள் ஏன் செய்யக்கூடாது?

1994இல் வெனிசுவேலாவின் கராகஸில் ஹொசே கொண்டாடோ முதன்முதலாக மனித இதயத் தமனிக்குள் இரிடியம்-192 கம்பியைச் செலுத்தினார். 1997இல் கலிபோர்னியாவின் பால் டீர்ஸ்டீன் வெளியிட்ட ஆய்வு சிறியது. 55 நோயாளிகள் மட்டுமே. ஆனால் கதிர் பெறாதவர்களில் 54 விழுக்காட்டினருக்குக் குழாய் மீண்டும் குறுகியிருக்க, கதிர் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கே குறுகியிருந்தது. 2000 நவம்பரில் அமெரிக்க அரசு இரண்டு கருவிகளுக்கு ஒப்புதல் தந்தது. ஒன்று இரிடியத்தின் காமாக் கதிரையும், மற்றொன்று அதே ஸ்ட்ரான்சியத்தின் பீட்டாக் கதிரையும் பயன்படுத்தின. காமாக் கதிர் ஊடுருவும் தூரம் அதிகம்; அது பாயும் நிமிடங்களில் நோயாளியைத் தனியே விட்டு அறையிலிருந்து பிறர் வெளியேற வேண்டும். பீட்டா சில மில்லிமீட்டரில் அடங்கிவிடும். இச்சிகிச்சையை ‘பிராக்கி’ சிகிச்சை என்பர். கிரேக்கத்தில் குறுகிய தொலைவு என்பது பொருள். ‘அண்மைக் கதிர்’ என்று தமிழில் சொல்லலாம்.

கதிர் என்றவுடன் மரக்காணத்துக்கு வடக்கே அதே கடற்கரையில் உள்ள கல்பாக்கம் அணுமின் நிலையம் நம்மவர்க்கு நினைவு வரும். அச்சமும் உடன் வரும். இங்கே கதிரை விரும்பி நெஞ்சுக்குள் ஏற்றினார்கள். அது செய்வது ஒன்றே: பெருகும் செல்லின் பிரிதலைத் தடுக்கிறது. தசைச் செல்லுக்கும் உட்சுவர்ச் செல்லுக்கும் அது வேற்றுமை பார்ப்பதில்லை. ஆறக்கூடாத அளவுக்கு ஆறுவதைத் தடுக்க வந்தது, ஆற வேண்டியதையும் தடுத்துவிட்டது. உள்ளே உலோகமும் கிழிந்த சுவரும் மூடப்படாமல் கிடக்க, அவற்றைத் தொட்ட குருதி உறைந்தது. 1999இல் ராட்டர்டாமிலிருந்து வந்த ஓர் அறிக்கை, கதிர் பெற்ற 91 பேரில் 6 பேருக்கு 2 முதல் 15 மாதங்களுக்குள் குழாய் திடீரென முழுவதும் மூடிக்கொண்டதைக் கூறியது. இது மெல்லக் குறுகுவதன்று, மாரடைப்பு.

இன்னொரு சிக்கலும் எழுந்தது. பலூன் காயப்படுத்திய இடத்தின் இரு முனைகளிலும் கதிர் குறைவாகவே விழுந்தது. நடுப்பகுதி விரிந்திருக்க, முனைகள் இரண்டும் குறுகின. இருபுறமும் முறுக்கிய மிட்டாய்த் தாள் போன்றது என்று மருத்துவர்களே அதற்குப் பெயரிட்டனர். இவற்றுக்கு மாற்றாகக் கதிர் படும் நீளத்தைக் கூட்டினார்கள். உறைவைத் தடுக்கும் மாத்திரைகளை ஓராண்டுக்கு, அதற்கும் மேலும், நீட்டினார்கள். சிகிச்சை அறையில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நம்பிய வேலை, வீட்டில் ஓராண்டு நாள்தோறும் நடக்க வேண்டிய வேலையாக மாறியது. இந்த மாற்றமே, நமது பார்வையில், இவ்வரலாற்றின் மையம்.

தீவின் மண்

கதிரின் காலம் நீளவில்லை. 1964இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு பசிபிக்கின் நடுவே உள்ள ராப்பா நூயி என்னும் ஈஸ்டர் தீவுக்குச் சென்று மண் மாதிரிகளையும் கொண்டு வந்தது. அதிலிருந்த நுண்ணுயிர் ஒன்று சுரந்த பொருளை மான்ட்ரியாலில் பிரித்தெடுத்தவர்களில் முதன்மையானவர், இந்தியாவிலிருந்து சென்ற சுரேந்திர நாத் சேகல். தீவின் பெயரால் அதற்கு ராப்பாமைசின் என்று பெயராயிற்று. பின்னர் நிறுவனம் அவ்வாய்வகத்தை மூடி ஆய்வையும் கைவிட்டபோது, அவர் அந்த நுண்ணுயிரைத் தம் வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காத்தார். அது செல் பெருகுவதைத் தடுக்கும் மருந்து. அதை ஸ்டென்டின் மேல் பூசி 1999 டிசம்பரில் சாவோ பாவ்லோவில் முதன்முதலாகப் பொருத்தினர். 2002இல் வந்த 238 பேரைக் கொண்ட ஆய்வில், மருந்து பூசிய ஸ்டென்ட் பெற்ற ஒருவருக்குக்கூட ஆறு மாதத்தில் மறுகுறுகல் இல்லை. வெறும் ஸ்டென்ட் பெற்றவர்களில் 26.6 விழுக்காட்டினருக்கு இருந்தது. 2003 ஏப்ரலில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. கதிர்க் கருவிகள் சில ஆண்டுகளில் ஒதுங்கின. பல அடுக்கு ஸ்டென்ட் வைத்தும் மீண்டும் மீண்டும் குறுகுபவர்களுக்கு மட்டும் ஒரு சில மையங்கள் அவற்றை வைத்துக்கொண்டன.

மருந்தும் கதிரின் பாடத்தையே திரும்பப் படித்தது. வளர்ச்சியைத் தடுத்த அது ஆறுதலையும் தாமதப்படுத்தியது; ஓராண்டு கடந்த பின்னும் குருதி உறைகிறது என்ற அச்சம் 2006இல் உலகெங்கும் எழுந்தது. பின்வந்த ஸ்டென்டுகளில் கம்பி மெலிந்தது; பூச்சு மேம்பட்டது; ஆபத்து வெகுவாகக் குறைந்தது. ஆயினும் ஆண்டுகள் சென்றபின் ஸ்டென்டுக்குள் உருவான புதிய அடுக்கிலேயே கொழுப்புப் படலம் மறுபடி தோன்றுவதை இன்று அறிவோம். முதல் நோய் எந்தக் காரணங்களால் வந்ததோ அவை மாறாதவரை சுவர் தன் வேலையைத் தொடர்கிறது.

எடுக்கப்படாத அடைப்பு

இந்தியாவில் 2017 பிப்ரவரியில் அரசு ஸ்டென்டுக்கு உச்ச விலை விதித்தது. வெறும் உலோகத்துக்கு 7,260 ரூபாய். மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். அதற்குமுன் லட்சத்தைத் தாண்டி விற்றதும் உண்டு. தமிழகத்தில் அரசுக் காப்பீட்டின் வழியே உப்பளத் தொழிலாளரும் இச்சிகிச்சையைப் பெற முடிகிறது. எட்டாக்கனியாக இருந்தது எட்டிவிட்டது. எஞ்சியிருப்பது ஒரு சொல்லின் சிக்கல்.

‘எடுத்துட்டாங்க’ என்று கேட்டவர் என்ன எண்ணுவார்? முள்ளை எடுத்தாயிற்று, இனி மருந்து எதற்கு என்றுதானே? உறைவைத் தடுக்கும் மாத்திரை நோயாளியின் உடலில் எந்த மாற்றத்தையும் உணர்த்துவதில்லை. நிறுத்தினாலும் அன்றைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகவே உப்பு வாரும் பருவத்தில் ஒருநாள் கூலியை விட்டு மருந்து வாங்கப் போவது வீண் என்று தோன்றுவது இயல்பே. இதில் அவருடைய அறியாமையைக் குறை கூறுவது எளிது. அவரிடம் நாம் கொடுத்த சொல்லே அப்படிப்பட்டது என்பதை எண்ணிப் பார்ப்பது கடினம்.

உயர் குருதி அழுத்தம் குழாய்ச் சுவரின் தகைவைக் கூட்டுகிறது. உப்பு அந்த அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உமணர் காலந்தொட்டு ஊருக்கெல்லாம் உப்பனுப்பிய நெய்தற்கரையில் இதைச் சொல்ல வேண்டியிருப்பது விந்தைதான். ஆனால் சொல்லும் முறைக்கு வேண்டிய அறிவு அந்தக் கரையிலேயே இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை அளத்தை மூழ்கடித்துச் செல்லும். தை பிறந்ததும் தொழிலாளர்கள் சேற்றை அள்ளி, வரப்பை உயர்த்தி, பாத்தியை மிதித்து இறுக்கி, பிறகே உவர்நீரைப் பாய்ச்சுவார்கள். சென்ற ஆண்டு செய்தோமே என்று எவரும் இருந்துவிடுவதில்லை. அளம் என்பது ஒருமுறை கட்டி முடித்த பொருளன்று. ஆண்டுதோறும் காக்கப்படுவது என்பதை அவர்களுக்கு யாரும் கற்பித்ததில்லை. இதயத்தின் குழாயைப் பற்றியும் அப்படிச் சொன்னால் அவர்களுக்குப் புரியும். அடைப்பை எடுக்கவில்லை, வழியை விரித்து உள்ளே ஒரு தாங்கி வைத்திருக்கிறோம், அந்தக் காயம் ஆறும்வரை இந்த மாத்திரை, ஆறிய பின்னும் கொழுப்பும் அழுத்தமும் அடங்கியிருக்க அந்த மாத்திரை. ‘எடுத்தாச்சு’ என்ற ஒரு சொல்லைவிட இது நீளமானதுதான். அந்த நீளத்தைச் சொல்ல மருத்துவமனை வாசலில் இரண்டு நிமிடம் ஆகும்.